கத்திரிப்பூ கலர் கம்பெனி

காணை
9 ஆகஸ்ட் 2025

தம்பி புகழேந்திக்கு,

உன்னோடு போனில் பேசமாட்டேன் என்று மே மாதமே சொல்லிவிட்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. உன் கடையில் வேலை செய்யும் புனிதா நம் ஊரிலிருந்துதான் தினமும் இரண்டு பஸ் மாறித் திண்டிவனம் வருகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் இருந்தால் அவளிடமே கொடு. போன் செய்து பார்க்காதே, எடுக்கமாட்டேன்.

இளவரசிக்கு அக்டோபர் முதல் வாரம் பிரசவம் என்று மெல்போர்ன் டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது பிள்ளை. பெரியவனுக்கு நாலு வயசு, ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டான். மாப்பிள்ளை ராஜ்குமாருக்குப் பிரசவத்துக்கு அப்புறம்தான் லீவாம். நான் போயாக வேண்டும். விசா கையில் இருக்கிறது. செப்டம்பர் பதினைந்துக்கு மேல் டிக்கெட் போடு.

கத்திரிப்பூ கலர் கம்பெனியில்தான் போடவேண்டும். அதன் இங்கிலீஷ் பேர் உனக்குத் தெரியும். அந்தப் பெண்கள் கழுத்தில் கட்டுகிற துணியின் நிறம்தான் எனக்கு அடையாளம். சாம்பல் கலர் கம்பெனி வேண்டாம்.

இன்னொன்று. டிக்கெட்டில் எனக்கு வீல்சேர் என்று எதையும் அமுக்காதே.

பிப்ரவரியில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. மீனம்பாக்கத்தில் பெட்டியைப் போட்டுவிட்டு நிற்கிறேன். ஒரு பையன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கத்துகிறான்.

"ஜெயம்மா யாரு? வீல்சேர் ஜெயம்மா யாரு?"

"நான்தான்பா ஜெயம். வீல்சேரு யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா. நடக்க முடியாதுன்னு போட்டுக்கீது."

"யாரு போட்டது?"

"எனக்கு என்னம்மா தெரியும்? ஜல்தி உக்காருங்க. இன்னும் நாலு பேரு வெயிட் பண்ணிக்கினு கீறாங்க."

முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் குத்தகைக் கொல்லையில் மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவள் நான். நடக்க முடியாதவளாம். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். போனில் இளவரசி கெஞ்சினாள் என்பதால் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது முள்ளில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மகன் வல்லரசுவின் மஸ்கட் வீட்டுக்கும் இளவரசியின் மெல்போர்ன் வீட்டுக்கும் போய் வந்து போய் வந்து எனக்கு விமானம் விழுப்புரம் டவுன் பஸ் மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமல், யாரும் சொல்லித்தராமல், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவள் நான். எனக்கு ஒரு ஏர்போர்ட்டில் நடக்கத் தெரியாதா?

டிக்கெட் போட்டுவிட்டுத் தகவல் எழுது.

இப்படிக்கு,
ஜெயம்


திண்டிவனம்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் புனிதா கொடுத்தபோது கடையில் கூட்டம். "உங்க அக்கா பதில் இல்லாம வராதேன்னு சொல்லிட்டாங்க சார்" என்று எதிரிலேயே நின்றுகொண்டாள். ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் மாட்டக்கூட அவள் நகரவில்லை. அக்காவுக்கு வேலை செய்கிறாளா எனக்கு வேலை செய்கிறாளா என்று தெரியவில்லை.

கத்திரிப்பூ கம்பெனி நல்ல கம்பெனிதான். நீ மட்டும் சொல்லவில்லை. இந்தக் கடையில் உட்கார்ந்து நான் டிக்கெட் போடாத ஊர் கிடையாது. அடிக்கடி பறக்கிற ஆட்கள் எதைப் பார்த்துக் கம்பெனி தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்டுக்கேட்டு எனக்கே அது ஒரு படிப்பு மாதிரி ஆகிவிட்டது. புதிதாகப் போகிறவன் விலையைக் கேட்பான். நாலு தடவை போனவன் விலையைக் கடைசியில்தான் கேட்பான்.

மரக்காணம் பக்கத்து விருத்தாசலம் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். விடியற்காலை சென்னையில் இறங்குகிற விமானம்தான் அவருக்கு வேண்டும். "பொழுது விடியசொல்ல எறங்கினாத்தான் ஊட்டுல ஒரு நாளு முழுசா கெடைக்கும்" என்பார். லீவில் ஒரு பகலைக்கூட விடமாட்டார். குயிலாப்பாளையத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா, தூங்கும்போது சாப்பாட்டுக்கு எழுப்பாத கம்பெனி எது என்று கேட்டு அதில் மட்டும் போகிறார். கலையரசி என்று ஒரு நர்ஸ், மால்டாவில் வேலை. அவள் சொன்னதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன்: "அண்ணே, எல்லா பிளைட்டும் ஒரே மாதிரிதான் பறக்குது. பொட்டி வராத அன்னைக்கு எவன் நம்ம மூஞ்சியப் பாத்துப் பேசுறானோ அவன்தான் கம்பெனி." எவ்வளவு அழகாகச் சொன்னாள் பார். தப்பு நடக்கிற அன்றைக்குத்தான் கம்பெனி தெரியும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அடிக்கடி போகவேண்டியிருக்கிறது.

ஆனால் வீல்சேர் விஷயத்தில் நான் இறங்கிவரமாட்டேன். நீ முடவி என்று நான் எழுதவில்லை. இங்கிலீஷ் தெரியாத அம்மாக்கள் விமானம் மாறும் ஊரில் வழி தவறாமல் இருக்க எல்லா ஏஜென்டும் செய்வதுதான் இது. தள்ளுகிற ஆள் நேராக அடுத்த விமானத்தின் வாசலில் கொண்டுபோய் விடுவான். அவ்வளவுதான். நீ என்ன செய்தாய்? நடுவூரில் இறங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்து எங்கேயோ போய், விமானத்தைத் தவறவிட்டாய். அங்கே மெல்போர்னில் ராஜ்குமார் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார், நீ வரவில்லை. இளவரசி போனில் அழுகிறாள். நான் கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அக்கா எங்கே என்று யாரைக் கேட்பது? அந்த நேரத்தை நீ அனுபவிக்கவில்லை. நான் அனுபவித்தேன்.

வீல்சேரோடு என்றால் இன்றைக்கே டிக்கெட். இல்லாவிட்டால் என் கையால் போடமாட்டேன்.

அன்புடன்,
தம்பி புகழேந்தி


காணை
14 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

நான் ஏன் எழுந்தேன் என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? மே மாதம் நான் திரும்பி வந்ததும் கேட்காமலே கத்தினாய். நானும் போனை வைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன், படி.

அந்த நடுவூரில் விமானத்தின் வாசலிலேயே நாற்காலிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எல்லாரும் நம் பக்கத்து அம்மாக்கள். எல்லாருக்கும் கால் இருக்கிறது. ஒருத்தி என்னிடம் சிரித்துக்கொண்டே, "இப்பிடி போனாத்தான் க்யூ கெடையாது" என்று சொன்னாள். எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் வந்தார். வாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டவர். அவர் மனைவி தோள் கொடுத்து நிறுத்தியிருந்தாள். நாற்காலி தீர்ந்துவிட்டது. அவரைச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னார்கள். அவர் நிற்கிறார். காலுள்ள நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

நீயாக இருந்தால் உட்கார்ந்திருப்பாயா? இருக்கமாட்டாய். எழுந்து அவரை உட்காரவைத்தேன். தள்ள வந்த பையன் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். நான் ஆட்கள் போகிற பக்கம் போனேன். ஏர்போர்ட்டுக்குள்ளேயே ஒரு ரயில் ஓடுகிறது. அதில் ஏறினேன். தப்பான பக்கத்து ரயில். திரும்பி வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் அந்தக் கம்பெனியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம். கவுன்டரில் கத்திரிப்பூ துணி கட்டிய ஒரு பெண் இருந்தாள். எந்த நாட்டுப் பெண்ணோ தெரியாது, சப்பை மூக்கு, சின்ன உருவம். என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. முதலில் இளவரசியின் நம்பரைக் கேட்டு, தன் போனிலேயே போட்டு, என் காதில் வைத்தாள். "அம்மா இருக்கேன்டி" என்று நான் சொல்லி முடித்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்கினாள். உனக்கு இளவரசி உடனே சொல்லியிருப்பாள். அந்தப் பெண் அந்த ஒரு காரியத்தை முதலில் செய்யாமல் இருந்திருந்தால் நீ இன்னும் எவ்வளவு நேரம் கடையைச் சாத்திவைத்திருப்பாய்?

அடுத்த விமானத்தில் இடம் போட்டாள். போர்வையும் சாப்பாடும் கொடுத்தாள். அப்புறம் நாற்காலியைக் காட்டி, வேண்டுமா என்று சாடையில் கேட்டாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். சரி என்று அவளும் தலையாட்டினாள். என்னோடு நடந்தே வந்தாள். என் நடைக்குத் தக்கபடி நடந்தாள், முன்னால் ஓடவில்லை. கேட்டாள். வேண்டாம் என்றேன். சரி என்றாள். அவ்வளவு பெரிய ஆகாயத்தில் பறக்கிற கம்பெனிக்கு இது தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்தவனுக்குத் தெரியவில்லை.

சாம்பல் கம்பெனியிலும் மஸ்கட் போயிருக்கிறேன். அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. நாம் பேச வாயெடுத்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

நம் அப்பா அடுத்தவர் மூட்டையைச் சுமந்தே முதுகு வளைந்தவர். நமக்குக் கால் இருக்கும்போது இன்னொருத்தர் பெற்ற பிள்ளை நம்மைத் தள்ளுவது எனக்கு ஒத்துவராது. இதில் பேச்சு கிடையாது. நீ போடாவிட்டால் விழுப்புரத்தில் டிக்கெட் போடுகிற கடை இல்லையா?

ஜெயம்


திண்டிவனம்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வாதம் வந்த பெரியவரைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மே மாதம் அப்படிக் கத்தியிருக்கமாட்டேன். ஆனால் விழுப்புரத்துக் கடைக்காரர்கள் எல்லாரிடமும் நான் போனில் சொல்லிவைத்துவிட்டேன். நேற்று நீ போன கடைக்காரன் என்னிடம் சொன்னான்: "உங்கக்கா வந்துச்சு அண்ணே. வீல்சேர் போட்டாத்தான் டிக்கெட்னு நீ சொன்னதச் சொன்னேன். 'உன் கடைக்கு அவன்தான் ஓனரா'ன்னு கேட்டுட்டுப் போயிடுச்சு." சிரிக்கலாம் என்றிருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

இன்று காலை இளவரசி பேசினாள். உன்னிடமும் பேசியிருப்பாள், ஆனால் பாதிதான் சொல்லியிருப்பாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. காலும் முகமும் வீங்கியிருக்கிறது. அக்டோபர் வரைக்கும் காத்திருக்க முடியாது, எந்த நாளும் பிள்ளையை வெளியே எடுக்கவேண்டியிருக்கலாம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பெரியவன் பக்கத்து வீட்டில் இருக்கிறான். "மாமா, அம்மா எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். வேறு எதையும் கேட்கவில்லை.

உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டேன். கத்திரிப்பூ கம்பெனியில் செப்டம்பர் நாலு வரைக்கும் ஒரு இடம்கூட இல்லை. அவர்கள் இந்தப் பக்கம் விமானத்தைக் குறைத்துவிட்டார்கள். வரும் சனிக்கிழமைக்குச் சாம்பல் கம்பெனியில் ஒரே ஓர் இடம் இருக்கிறது. வேறு நடுவூர், வேறு ஏர்போர்ட். நீ பார்த்ததே இல்லை. விமானம் மாற நேரமும் குறைவு. அவர்களைப் பற்றி நீ எழுதியது உண்மைதான். தவறினால் அங்கே உனக்காக யாரும் போன் எடுக்கமாட்டார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். அதட்டவில்லை. இந்த ஒரு தடவை நாற்காலி போடட்டுமா? நடுவூரில் நீ நின்றுவிட்டால் இளவரசி அங்கே தனியாகக் கிடப்பாள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். அதற்காகத்தான் புனிதாவை மத்தியானமே அனுப்புகிறேன்.

புகழேந்தி


காணை
20 ஆகஸ்ட், மாலை

தம்பிக்கு,

சாம்பல் கம்பெனியில் போடு. கம்பெனி பார்க்கிற நேரமில்லை.

நாற்காலி வேண்டாம். என் பெண் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறாள், நான் எப்படியாவது போய்ச் சேருவேன். வழி கேட்க எனக்கு வாய் இருக்கிறது. நாற்காலி எழுதினால், அதைப் பார்த்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுவேன். அந்தப் பழி உனக்கு.

இந்தத் தடவை கேட்டாய். அது வரைக்கும் நல்லது.

ஜெயம்


திண்டிவனம்
21 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

போட்டுவிட்டேன். நாற்காலி எழுதவில்லை. வீல்சேர் என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். புனிதா பின்னால் நின்று, "சார், அவங்க வேணாம்னுட்டாங்கல்ல?" என்றாள். விரலை எடுத்துவிட்டேன்.

நடுவூரில் இறங்கியதும், இதோடு வைத்திருக்கும் மெல்போர்ன் என்று எழுதிய அட்டையைக் கையில் பிடித்துக்கொள். யாரிடமாவது நீட்டு. இளவரசியின் நம்பரும் அதன் பின்பக்கம் இருக்கிறது.

சனிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருவேன். நீ பேசவேண்டாம். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமல்லவா.

புகழேந்தி


மெல்போர்ன்
29 ஆகஸ்ட் 2025

தம்பி புகழேந்திக்கு,

பேத்தி பிறந்த செய்தியை ராஜ்குமார் உனக்குப் போனில் சொல்லிவிட்டார். பின்னால் அழுத சத்தம் குழந்தையுடையது, என்னுடையது இல்லை. பிள்ளை கையளவுதான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், ஆனால் பால் குடிக்கிறாள். இளவரசிக்கு ரத்தக்கொதிப்பு இறங்கிவிட்டது. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தேன், திங்கட்கிழமை காலையில் எடுத்தார்கள்.

இந்தக் கடிதத்தை ராஜ்குமார் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். படிக்காமல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். படிப்பார்.

நான் எப்படி வந்தேன் என்று நீ கேட்பாய்.

சென்னையில் ஏறியபோதே தெரிந்துவிட்டது, என் பக்கத்து இடத்து அம்மா நம் ஆள் என்று. கண்டாச்சிபுரம். பேர் முனியம்மாள். இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்தவள், நிஜமாகவே நடக்க முடியாதவள். மகன் வீட்டுக்கு மெல்போர்ன் போகிறாள், முதல் தடவை. வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது கீழ வுழுந்துடாதே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். என்னைவிட அவளுக்குத்தான் வயசு அதிகம். நான் அக்காவாம்.

நடுவூரில் இறங்கினோம். வாசலில் ஆறேழு நாற்காலி. தள்ளுவதற்கு ஒரே ஒரு பையன். கறுத்த, ஒல்லியான பையன், சட்டையெல்லாம் வியர்வை. ஒருத்தரைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறான், வெகு நேரம் கழித்துத் திரும்பி வருகிறான். முனியம்மாள் வரிசையில் கடைசி. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மெல்போர்ன் விமானம்தான். நேரம் போகிறது. அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"என்ன இங்கயே வுட்டுட்டுப் போயிடுவாங்களாக்கா?"

"சும்மா இரு. நான் கீறேன்."

நான் அட்டையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு இளவரசியைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஆனால் இவளை எப்படி விடுவது? அந்தப் பையன் திரும்பி வந்ததும் முனியம்மாளின் நாற்காலியை நான் பிடித்தேன். அவன் "நோ, நோ" என்றான். கையை ஆட்டினான். விதி அப்படியாம்.

"இன்னாடா நோ நோ? நெல்லு மூட்டையோட தள்ளுவண்டி தள்ளின கையி இது. நீ முன்னால போ, வழியக் காட்டு. நான் பின்னால வர்றேன்."

அவனுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. என் முகம் புரிந்தது. என்னைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான். இன்னொரு பெரியம்மாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் கிளம்பினான். நான் பின்னால்.

புகழேந்தி, நாற்காலிக்கு ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள். க்யூ கிடையாது, படி கிடையாது. கதவெல்லாம் தானாகத் திறக்கிறது. லிஃப்டில் ஏறியிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் இறங்கி இடம் விடுகிறார்கள். போலீஸ்காரர் ஒருத்தர் எனக்கு சல்யூட் வைத்தார். நான் ஏர்போர்ட்டில் வேலை செய்கிறவள் என்று நினைத்துவிட்டார்.

முனியம்மாளுக்குப் பயம் தெளிந்துவிட்டது. வாய் திறந்துகொண்டது.

"ஏன்க்கா இம்மாம் வேகமா தள்ற? எனக்குக் கொடலு வாயில வருது."

"வேகமா போனாத்தான் உன் புள்ளையப் பாப்ப."

"உனக்கு இங்க எம்மாம் சம்பளம் குடுக்குறாங்க?"

"வாய மூடிக்கினு உக்காரு. எறக்கி வுட்டுடுவேன்."

வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இன்னும் ஆட்கள் ஏறத் தொடங்கவில்லை. அந்தப் பையன் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தான். தான் குடிக்கவில்லை, முதலில் என்னிடம் நீட்டினான். குடித்தேன். அப்புறம் அவன் வந்த பக்கம் கையைக் காட்டினான். விரலில் மூன்று காட்டினான். இன்னும் மூன்று பேர் அங்கே இருக்கிறார்களாம். கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்தான். கேட்டான், அவ்வளவுதான்.

நேரமிருந்தது. முனியம்மாளிடம் என் பையைக் கொடுத்துவிட்டுப் போனேன். எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்தோம். அதில் ஒருத்தர் வேறு விமானத்துக்குப் போகிற வெள்ளைக்காரர். நான் தள்ளிக்கொண்டே போனபோது என் கையைத் தட்டி என்னமோ சொன்னார். நல்ல வார்த்தையாகத்தான் இருக்கவேண்டும்.

சாம்பல் கம்பெனியைப் பற்றி நான் எழுதியது பாதிதான் சரி. அங்கே ஆள் போதவில்லை. இருக்கிற ஆள் நல்ல ஆள். நம் பேச்சைக் கேட்காமல் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்களே என்று கோபப்பட்டேன். அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை நான் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனாலும் கத்திரிப்பூ கம்பெனிக்கு ஈடு எதுவும் இல்லை. அதை மாற்றிச் சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணைப் போல ஒருத்தியை வேலைக்குப் பிடித்து, அவளுக்கு நேரமும் கொடுத்து வைத்திருக்கிறார்களே, அந்த முதலாளி யாராக இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

நாற்காலி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. எழுதியிருந்தால் அந்த வரிசையில் நானும் ஒருத்தி. என்னைத் தள்ளவும் ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கும்.

ஜெயம்


திண்டிவனம்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நானும் புனிதாவும் ஆளுக்கு இரண்டு தடவை படித்தோம். போலீஸ்காரர் சல்யூட் வைத்த இடத்தில் புனிதா சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

நீ சொன்னதுதான் சரி. எழுதியே கொடுக்கிறேன்.

நவம்பர் கடைசியில் நீ திரும்பவேண்டும். கத்திரிப்பூ கம்பெனியில் இப்போதே நல்ல இடம் இருக்கிறது. ஜன்னல் ஓரம். நடுவூரில் சாவகாசமாக மாறலாம், விடியற்காலை சென்னை. நாற்காலி இல்லாமல் தயாராக வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் அமுக்கிவிடுவேன்.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. முனியம்மாளின் தம்பி தேவநாதன் கண்டாச்சிபுரத்திலிருந்து கடைக்கு வந்தார். அந்த அம்மாவின் திரும்பும் டிக்கெட் நவம்பர் கடைசியில்தான், சாம்பல் கம்பெனியில். அதை மாற்ற வழியில்லை. அவரோடு இன்னும் இரண்டு குடும்பம். ஒன்று விக்கிரவாண்டி, ஒன்று குயிலாப்பாளையம். அவர்கள் வீட்டு அம்மாக்களும் அதே வாரம் அங்கிருந்து திரும்பவேண்டுமாம், இன்னும் டிக்கெட் போடவில்லை. முனியம்மாள் மெல்போர்னில் இருந்துகொண்டு எல்லாருக்கும் போன் போட்டுவிட்டாள் போலிருக்கிறது.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். எந்தக் கம்பெனி எப்போது இறங்கும், எதில் எத்தனை பெட்டி விடுவார்கள், எதில் தேதி மாற்றலாம் என்று. தேவநாதன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். ஜெயம்மா எந்த பிளைட்டுல வர்றாங்க? அதச் சொல்லுங்க. இவங்களுக்கும் அதுல போடுங்க."

"அவங்க வேற கம்பெனிங்க. அது இன்னும் நல்ல கம்பெனி."

"அவங்களே இல்லாம அது இன்னா நல்ல கம்பெனி?"

இத்தனை வருஷமாக நான் படித்துவைத்திருந்த படிப்பில் இது இல்லை. உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அக்கா. நீ எதிர்பார்த்துக் காத்திருந்த கம்பெனி, இடமும் இருக்கிறது. உனக்கு அலைச்சல் போதும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. எது வேண்டும் என்று நீயே சொல். நீ சொல்வதைப் போடுகிறேன்.

தம்பி புகழேந்தி


மெல்போர்ன்
9 செப்டம்பர் 2025

தம்பிக்கு,

பேத்தி நேற்றுக் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டாள். இன்று என் மடியில் தூங்கினாள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கத்திரிப்பூ கம்பெனியில் இடம் இருக்கிறது என்று படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கவுன்டர் பெண்ணை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நினைத்தேன். பார்த்தாலும் அவளுக்கு என்னை நினைவிருக்காது. பார்க்கிற எல்லாரையும் அவள் அப்படித்தான் நடத்துவாள்.

முனியம்மாளுக்கு மட்டும் நாற்காலி எழுது. மற்ற இரண்டு அம்மாக்களிடமும் கேள். அவர்கள் வீட்டு ஆட்களைக் கேட்காதே, அவர்களையே கேள். வேண்டாம் என்றால் எழுதாதே, என்னோடு நடந்து வரட்டும்.

எனக்குச் சாம்பல் கம்பெனியிலேயே போடு. கத்திரிப்பூ கம்பெனியில் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அங்கே எனக்கு வேலை இல்லை.

ஜெயம்